வாசகர் கேள்விகள்: ஒட்டாவாவின் பகுதிநேரப் பீரங்கிக்காரர்கள்

போன இதழில் கனடாவின் நவம்பர் 11 நினைவு நாள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, அன்று ஒட்டாவாவில் முழங்கும் பீரங்கிகளை இயக்குகிறவர்கள் பெரும்பாலும் பகுதிநேரச் சிப்பாய்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எனக்கும் மிகவும் பிடித்த விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இம்முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஒட்டாவாவில்தான் இருக்கிறேன். வருடா வருடம் அந்தப் பீரங்கிச் சத்தம் கேட்கிறது. சுடுகிறவர்கள் யார்? விழாவுக்காகச் சீருடை போட்டு வருகிறவர்களா, நிஜ ராணுவமா? (வாசகி, ஒட்டாவா)

நிஜ ராணுவம்தான். 30ஆவது பீல்டு ஆர்ட்டிலரி ரெஜிமெண்ட் என்று பெயர். 'பைடவுன் கன்னர்ஸ்' என்றும் சொல்வார்கள். ராயல் கனடியன் ஆர்ட்டிலரி என்கிற பெரிய அமைப்பில் இது ஒரு ரிசர்வ் பிரிவு. இதில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் படிப்போ வேறு வேலையோ இருக்கும். கல்லூரி மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்கு வருவார்கள். கோடையில் சேர்ந்தாற்போல் முகாம் இருக்கும். நிஜக் குண்டு போட்டுச் சுட வேண்டுமென்றால் ஒட்டாவாவிலிருந்து வடமேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெட்டவாவாவுக்குப் போக வேண்டும். 1905ஆம் ஆண்டிலிருந்து கனடாவின் பீரங்கிக்காரர்கள் பழகிவரும் இடம் அது. ஆரம்ப காலத்தில் பீரங்கிகளைக் குதிரைகள்தான் இழுத்தன.

நினைவு நாளில் சுடுவது குண்டு இல்லாத வெறும் வெடிமருந்துதான், சத்தமும் புகையும் மட்டுமே வரும். 21 முறை சுடுவார்கள். ஆனால் பீரங்கி பொம்மை இல்லை. அதே ரகமான 105 மில்லிமீட்டர் ஹோவிட்சர் பெட்டவாவாவில் நிஜக் குண்டைப் பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய்ப் போடும்.

கேள்வி: 'பைடவுன்' என்று ஓர் ஊரே வரைபடத்தில் இல்லையே? இந்த ரெஜிமெண்ட் எப்போது, எதற்காகத் தொடங்கியது? (வாசகர், மதுரை)

ஒட்டாவாவின் பழைய பெயர்தான் பைடவுன். ரிடோ கால்வாயை 1826 முதல் 1832 வரை வெட்டிய கர்னல் ஜான் பை என்ற ராணுவப் பொறியாளரின் பெயரால் வந்தது. கால்வாய் வேலைக்கு வந்தவர்களும் மரம் வெட்ட வந்தவர்களும் குடியேறி வளர்ந்த ஊர். 1855 ஜனவரியில் அது ஒட்டாவா ஆனது. அதே வருடம் செப்டம்பர் 27ஆம் தேதி அங்கே ஒரு தொண்டர் பீரங்கிப் பிரிவை அமைக்க அனுமதி கிடைத்தது. பீரங்கிகள் சில சேர்ந்த பிரிவை பேட்டரி என்பார்கள், பேட்டரிகள் சில சேர்ந்தது ரெஜிமெண்ட். அந்த ஒட்டாவா பேட்டரிதான் இன்றைய ரெஜிமெண்டின் வேர். கனடாவில் இடைவெளி விடாமல் இயங்கிவரும் மிகப் பழைய பீரங்கி பேட்டரி என்ற பெருமையும் அதற்குத்தான் சொல்லப்படுகிறது.

எதற்காக என்று கேட்டீர்கள். அதற்குக் கிரிமியாவுக்குப் போக வேண்டும். 1850களின் நடுவில் பிரிட்டன் ரஷ்யாவோடு கிரிமியாவில் போரில் இறங்கியிருந்தது. அங்கே ஆள் தேவைப்பட்டதால் கனடாவில் காவலுக்கு நிறுத்தியிருந்த பிரிட்டிஷ் துருப்புகளைப் பெருமளவு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தெற்கே அமெரிக்கா. 1812இல் நடந்த போரை நேரில் பார்த்தவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள், அந்தப் பயம் போகவில்லை. எனவே 1855இல் ஒரு மிலிஷியா, அதாவது தொண்டர் படைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதிகபட்சம் ஐயாயிரம் தொண்டர்கள், அவர்களுக்கு ஆயுதம், பயிற்சிக்குத் தினக்கூலி. குதிரைப் படையும் ரைபிள் கம்பெனிகளும் போக ஏழு பீரங்கி பேட்டரிகள். மற்றவர்களுக்கு வருடத்தில் 10 நாள் பயிற்சி என்றால் பீரங்கிக்காரர்களுக்கு 20 நாள். பீரங்கி வேலை அவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. கணக்கும் குதிரையும் வெடிமருந்தும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டிய தொழில் அது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தேதிகளின் வரிசை. பேட்டரி பிறந்தது 1855. விக்டோரியா மகாராணி ஒட்டாவாவைத் தலைநகராகத் தேர்ந்தெடுத்தது 1857 கடைசியில். கனடா என்ற கூட்டாட்சி நாடு உருவானது 1867. ஊர் தலைநகராகும் முன்பே, நாடு நாடாகும் முன்பே, அந்த மரவியாபார ஊரின் ஆட்கள் பீரங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் முழுநேர ராணுவத்துக்கும் முன்பே பகுதிநேர ராணுவம் வந்துவிட்டதா? தலைகீழாக இருக்கிறதே! (வாசகர், திருநெல்வேலி)

ஆமாம், வந்துவிட்டது. இதைத்தான் இந்த இதழில் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். ரிசர்வ் என்றால் ஏதோ பின்னால் சேர்த்த உபரி என்று நாம் நினைக்கிறோம். கனடாவில் ரிசர்வ்தான் முதலில் வந்தது, முழுநேரப் படை பிறகுதான். பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது, 1871 அக்டோபரில், கிங்ஸ்டனிலும் கியூபெக்கிலும் இரண்டு முழுநேர பேட்டரிகளை அமைத்தார்கள். 'ஏ' பேட்டரி, 'பி' பேட்டரி என்று பெயர். மிலிஷியா பீரங்கிக்காரர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்துவது அவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று. அதாவது முழுநேர பேட்டரிகள் பகுதிநேரக்காரர்களுக்கு வாத்தியார்களாக வந்தவை.

அதற்கு முன்பு ஆபத்து வந்தபோது யார் போனார்கள்? 1866இலும் 1870இலும் ஃபீனியர்கள், அதாவது அயர்லாந்து விடுதலைக்காக அமெரிக்காவில் திரண்ட ஆயுதக் குழுவினர், எல்லை தாண்டித் தாக்கினார்கள். ஊர் ஊராகத் தொண்டர்களைக் கூப்பிட்டார்கள், ஒட்டாவா பேட்டரிக்கும் அழைப்பு வந்தது. 1866 ஜூனில் ரிட்ஜ்வே என்ற இடத்தில் நடந்த சண்டையில் இறந்தவர்களில் டொராண்டோ பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர். புத்தகத்தை வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு போன பையன்கள்.

பிற்பாடும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது கனடாவின் முழுநேரப் படை சுமார் மூவாயிரம் பேர்தான். இரண்டே மாதத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள் என்றால், அவர்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள் என்று பாருங்கள். பலர் இப்படி ஊர்க்கூடத்தில் மாலை நேரத்தில் பழகியவர்கள். எதுவுமே பழகாமல் வந்தவர்களும் உண்டு.

கேள்வி: இவர்கள் தென்னாப்பிரிக்கப் போருக்கும் போனார்கள் என்று படித்தேன். அது வெள்ளைக்காரன் பேரரசுக்காக நடத்திய போர்தானே? அதையும் வீரம் என்று கொண்டாட வேண்டுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

நியாயமான கேள்வி. இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் போரில் ஒட்டாவா பேட்டரியிலிருந்து போனவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் மாரிசன். 'டிங்கி' என்பது செல்லப்பெயர். தொழில் பத்திரிகை, ஒட்டாவா சிட்டிசன் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். கனடா அனுப்பிய 'டி' பேட்டரியில் லெப்டினன்ட்டாகப் போனார். 1900 நவம்பர் 7ஆம் தேதி லீலிஃபொன்டைன் என்ற இடத்தில் பின்வாங்கிவரும் படைக்குக் கடைசிக் காவலாக இருந்தவை அவருடைய இரண்டு பீரங்கிகளும் ராயல் கனடியன் டிரகூன்ஸ் குதிரைப் படையும்தான். போயர்கள், அதாவது பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட டச்சு வம்சாவளிக் குடியேறிகள், குதிரைகளில் பெருங்கூட்டமாகப் பீரங்கிகளைப் பிடிக்கப் பாய்ந்து வந்தார்கள். பீரங்கி இழுக்கும் குதிரைகளோ களைத்துத் தள்ளாடின. டிரகூன்கள் குறுக்கே நின்று தடுத்ததால் பீரங்கிகள் தப்பின. டிரகூன்களில் மூன்று பேருக்கு விக்டோரியா கிராஸ், மாரிசனுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம். கனடா ராணுவப் பாடங்களில் இந்தப் பகுதியை மறக்காமல் சொல்வார்கள்.

சொல்லத் தயங்கும் மற்றொரு பகுதியும் உண்டு. அந்த நாட்களில் பிரிட்டிஷ் படை போயர்களின் பண்ணைகளை எரித்துக்கொண்டே போனது. பெண்களையும் குழந்தைகளையும் வெளியே நிறுத்திவிட்டு வீட்டுக்குத் தீ வைப்பது, ஆடு மாடுகளை ஓட்டிச் செல்வது என்று திட்டம் போட்டே நடந்தது. டல்ஸ்ட்ரூம் என்ற சிற்றூர் எரிந்ததைக் கண்ணால் பார்த்து விரிவாக எழுதியவர் யார் தெரியுமா? இதே மாரிசன்தான். பத்திரிகைக்காரர் என்பதால் பார்த்ததை மறைக்காமல் ஊருக்கு எழுதி அனுப்பினார். தான் இருந்த படை செய்ததை அவரே பதிவு செய்திருக்கிறார்.

பீரங்கிகளைக் காப்பாற்றியவர்களின் துணிச்சல் நிஜம். எரிந்த வீடுகளும் நிஜம். ரெஜிமெண்ட் வரலாறு என்றாலே முதலாவதை மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டையும் எழுதிய ஒரு மனிதர் அந்த ரெஜிமெண்டிலேயே இருந்தார் என்பதால்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு.

கேள்வி: நான் ஆங்கில ஆசிரியை. பாப்பி மலர்களைப் பற்றிய 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' கவிதையை எழுதிய ஜான் மெக்ரே டாக்டர் என்று பாடம் நடத்துகிறோம். அவர் பீரங்கிப் படைக்காரர் என்கிறீர்களே? (வாசகி, கோயம்புத்தூர்)

இரண்டும்தான். ஆனால் பீரங்கிதான் முதலில். ஒண்டாரியோவில் குவெல்ஃப் என்ற ஊரில் 1872இல் பிறந்தவர். அவருடைய அப்பா டேவிட் மெக்ரே அந்த ஊர் மிலிஷியா பீரங்கிப் படையின் அதிகாரி. பையனும் வாலிப வயதிலேயே அதில் சேர்ந்தான். அந்தப் படையின் வாரிசுதான் இன்றைக்குக் குவெல்ஃபில் இருக்கும் 11ஆவது பீல்டு ரெஜிமெண்ட், அதுவும் ரிசர்வ்தான். மருத்துவம் படித்து முடித்த பிறகும் மெக்ரே தென்னாப்பிரிக்காவுக்கு டாக்டராகப் போகவில்லை. பீரங்கி அதிகாரியாகவே போனார். போன இடமும் அதே 'டி' பேட்டரி. மாரிசனும் மெக்ரேயும் நண்பர்களானது அங்கேதான். ஒருவர் ஒட்டாவா பத்திரிகைக்காரர், மற்றவர் குவெல்ஃப் டாக்டர்.

14 வருடம் கழித்துப் பெரிய போர் வருகிறது. மாரிசனுக்குக் கனடிய பீல்டு ஆர்ட்டிலரியின் முதல் பிரிகேடுக்குத் தலைமை. தனக்கு அடுத்த இடத்துக்கு அவர் அழைத்துக்கொண்டது மெக்ரேயைத்தான், பிரிகேடின் மருத்துவரும் அவரே. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, மான்ட்ரியாலில் நல்ல பெயரெடுத்த மருத்துவர், ஆஸ்பத்திரி வேலைக்கே போயிருக்கலாம். ஆனாலும் பீரங்கிகளோடுதான் போனார்.

1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு வெளியே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். மேற்குப் போர்முனையில் விஷவாயு இவ்வளவு பெரிய அளவில் வந்தது அதுதான் முதல் தடவை. கனடிய காலாட்படை தொண்டை எரிய நின்று தாக்குப்பிடித்தது, பின்னால் கால்வாய்க் கரையில் இருந்து மாரிசனின் பீரங்கிகள் இரவு பகலாகச் சுட்டன. அந்தக் கரையைக் குடைந்து செய்த பொந்தில் மெக்ரே காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சுடப்பட்டவர்கள் மேட்டிலிருந்து உருண்டு அவர் வாசலிலேயே வந்து விழுந்தார்களாம். இப்படிப் பதினேழு நாள். உடை மாற்றவில்லை, சரியான தூக்கம் கிடையாது.

அந்த பிரிகேடின் இரண்டாவது பேட்டரியில் அலெக்சிஸ் ஹெல்மர் என்ற இளம் லெப்டினன்ட் இருந்தார். ஒட்டாவா பையன், மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர், வயது 22. மே 2ஆம் தேதி காலையில் பதுங்கிடத்தைவிட்டு வெளியே வந்தபோது குண்டு நேராக அவர்மேல் விழுந்தது. கிடைத்ததைச் சேர்த்துத்தான் அடக்கம் செய்தார்கள். பாதிரியார் அங்கே இல்லாததால் இறுதிப் பிரார்த்தனையை மெக்ரே நினைவிலிருந்தே சொன்னார். கவிதை பிறந்தது மறுநாள் என்கிறார்கள். 1915 டிசம்பரில் லண்டனில் பஞ்ச் வார இதழில் வெளியாகி உலகம் முழுக்கப் பரவியது.

ஹெல்மரின் கல்லறை பிற்பாடு நடந்த சண்டைகளில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஈப்ர் நகரில் மெனின் வாசல் என்ற நினைவுச் சின்னத்தில், உடல் கிடைக்காதவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. மெக்ரேயை ஜூன் மாதம் பீரங்கிப் படையிலிருந்து எடுத்து பூலோன் அருகே ஒரு ராணுவ மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. 1918 ஜனவரியில் நிமோனியாவில் அந்தப் பகுதியிலேயே இறந்தார். அவருடைய வயதான அப்பா என்ன செய்தார் தெரியுமா, போரின் நடுவில் குவெல்ஃபில் 43ஆவது பேட்டரியைத் திரட்டி இங்கிலாந்துவரை தானே கூட்டிக்கொண்டு போனார். வயதைக் காட்டி அவரைப் பிரான்சுக்கு அனுப்பவில்லை.

வகுப்பில் இந்தக் கவிதையை நடத்தும்போது ஹெல்மரின் பெயரையும் சொல்லுங்கள், டீச்சர். ஒட்டாவாவில் படித்து வளர்ந்த ஒரு பையனின் சாவிலிருந்து வந்த வரிகள் என்று தெரிந்தால் பிள்ளைகள் வேறு மாதிரி கேட்பார்கள்.

கேள்வி: பீரங்கிக்காரனுக்கு இலக்கே கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். தெரியாததை எப்படி அடிக்கிறார்கள்? (பொறியியல் மாணவர், சென்னை)

கண் ஒரு இடத்தில் இருக்கும், பீரங்கி வேறு இடத்தில். முன்னால், காலாட்படையோடு சேர்ந்து, ஒரு கண்காணிப்பு அதிகாரி இருப்பார். இலக்கு எங்கே என்று அவர் ரேடியோவில் பின்னால் சொல்வார். நடுவில் கட்டளை நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தூரம், உயர வித்தியாசம், காற்று, வெப்பநிலை, மருந்தின் சூடு, குழாய் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுவரை கணக்குப் போட்டு, குழாயை எந்தத் திசையில் எவ்வளவு தூக்க வேண்டும் என்று பீரங்கிக்குச் சொல்வார்கள். குண்டு விழுந்ததும் முன்னால் இருப்பவர் 'இன்னும் இடப்பக்கம், இன்னும் இருநூறு மீட்டர்' என்று திருத்துவார். இன்று கணினி செய்கிறது, அன்று அட்டவணையும் பென்சிலும் செய்தன. கணக்கில் சின்னப் பிசகு என்றால் குண்டு சொந்த ஆட்கள்மேல் விழும்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு கதை இருக்கிறது. ஆண்ட்ரூ மெக்நாட்டன் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். மான்ட்ரியாலில் மிலிஷியா பீரங்கி அதிகாரி, இவரும் பகுதிநேரம்தான். 1917இல் பிரான்சில் விமி மேட்டைப் பிடிக்கத் திட்டமிட்டபோது, ஜெர்மானியப் பீரங்கிகளைக் கண்டுபிடித்து ஒடுக்கும் பொறுப்பை இவருக்குக் கொடுத்தார்கள். முன்வரிசையில் தூரம் தூரமாக மைக்ரோபோன்களை வைத்தார்கள். எதிரிப் பீரங்கி சுட்ட சத்தம் ஒவ்வொரு மைக்ரோபோனுக்கும் எத்தனை நொடிப் பின்னம் வித்தியாசத்தில் வந்து சேர்கிறது என்று பதிவுசெய்து, பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 1915இல் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய லாரன்ஸ் பிராக் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக வளர்த்தெடுத்த முறை இது. கூடவே, சுடும்போது வரும் மின்னலைப் பல இடங்களிலிருந்து பார்த்துக் கோணம் எடுத்தார்கள், விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி தாக்குதல் தொடங்குவதற்குள் எதிரியின் 212 பீரங்கிகளில் சுமார் 83 சதவீதத்தின் இடம் தெரிந்துவிட்டிருந்தது.

தாக்குதலின்போது காலாட்படைக்கு முன்னால் குண்டுகளால் ஒரு திரைபோல் போட்டு, மூன்று நிமிடத்துக்கு நூறு கஜம் என்று அதை நகர்த்திக்கொண்டே போனார்கள், சிப்பாய்கள் அதன் பின்னாலேயே நடந்தார்கள். கனடியப் படைப்பிரிவின் பீரங்கிகள் மொத்தத்துக்கும் அப்போது தலைவர் யார்? ஒட்டாவா சிட்டிசனின் பழைய ஆசிரியர் மாரிசன்தான். இவ்வளவு திட்டமிட்டும் நான்கு நாளில் கனடியர்கள் 3,598 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஒட்டாவா பேட்டரி என்ன செய்தது? (வாசகர், சிங்கப்பூர்)

'2ஆவது (ஒட்டாவா) பேட்டரி' என்ற பெயரில் அது 4ஆவது பீல்டு ரெஜிமெண்டின் ஒரு பகுதியாக, கனடாவின் இரண்டாவது டிவிஷனோடு போனது. முதலில் இங்கிலாந்தில் வருடக்கணக்கில் காத்திருப்பு, பயிற்சி. 1944 ஜூலையில் நார்மண்டி. ஆயுதம் 25 பவுண்டர். ஆறு பேர் இயக்கும் பீரங்கி, 11 கிலோ குண்டை 12 கிலோமீட்டர்வரை எறியும். ஒரு ரெஜிமெண்டுக்கு 24, ஒரு டிவிஷனில் மூன்று பீல்டு ரெஜிமெண்டுகள் சேர்ந்து 72. முன்னால் பள்ளத்தில் படுத்திருக்கும் ஒரே ஒரு கேப்டன் ரேடியோவில் 'மைக் டார்கெட்' என்றால் 24 பீரங்கிகளும் 'அங்கிள் டார்கெட்' என்றால் 72ம் சில நிமிடங்களில் ஒரே இடத்தில் குண்டு பொழியும். ஜெர்மானியக் காலாட்படை மிகவும் அஞ்சியது இதைத்தான். கான் நகருக்குத் தெற்கே வெரியேர் மேட்டில் அந்த ஜூலையில் கனடியக் காலாட்படை படாத பாடு பட்டது, பிடித்த இடத்தை விடாமல் வைத்திருக்க முடிந்ததில் பீரங்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

முன்னால் போகும் அந்தக் கண்காணிப்பு அதிகாரிகள் அதிக நாள் தாங்க மாட்டார்கள். சாவு, அல்லது காயம், அல்லது மனம் உடைந்துபோவது. இதே 4ஆவது ரெஜிமெண்டில் அந்த வேலையில் மிக நீண்ட காலம் தாக்குப்பிடித்தவர் என்று சொல்லப்படும் ஜார்ஜ் பிளாக்பர்ன் போருக்கு முன்பு என்னவாக இருந்தார் தெரியுமா? பத்திரிகை நிருபர்! மாரிசனுக்குப் பிறகு இன்னொருவர்.

கேள்வி: பீரங்கிப் படைக்குக் கொடி கிடையாதாமே? (வாசகர், சேலம்)

காலாட்படைக்கு இருப்பதுபோல ரெஜிமெண்ட் கொடி கிடையாது. பீரங்கிதான் அவர்களுக்குக் கொடி. அணிவகுப்பில் கொடிக்குத் தரும் மரியாதையைப் பீரங்கிக்குத் தர வேண்டும். எதிரியிடம் பீரங்கியை விட்டுவருவது கொடியைப் பறிகொடுப்பதற்குச் சமம். லீலிஃபொன்டைனில் இரண்டு பீரங்கிகளுக்காக அத்தனை பேர் உயிரைக் கொடுக்கத் துணிந்ததற்கு இதுதான் காரணம். போர்க்களப் பெயர்களையும் தனித்தனியாகப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள். 'எங்கும்' என்று பொருள்படும் 'உபிக்வே' என்ற லத்தீன் சொல் தொப்பிச் சின்னத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ரிசர்வில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பீரங்கிப் படையில் பெண்களை எடுப்பார்களா? எங்களுக்கு இன்னும் குடியுரிமை வரவில்லை, நிரந்தர வதிவிடம் மட்டும்தான். இதற்கு நடுவில் சண்டைக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? (ஒரு தந்தை, ஸ்கார்பரோ)

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பெண்களை எடுப்பார்கள். 1989இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் ஒன்றின் ஆணைக்குப் பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களைத் தவிர, பீரங்கிப் படை உள்பட எல்லாச் சண்டைப் பிரிவுகளும் பெண்களுக்குத் திறந்துவிட்டன. குடியுரிமையும் இப்போது தடையில்லை. 2022 கடைசியிலிருந்து நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம், பின்புலச் சோதனைக்கு நாள் பிடிக்கும். 18 வயது ஆகவில்லை என்றால் உங்கள் கையெழுத்து வேண்டும். உங்களுக்கு ஒட்டாவா தூரம், டொராண்டோவிலேயே 7ஆவது டொராண்டோ ரெஜிமெண்ட் என்ற ரிசர்வ் பீரங்கிப் படை இருக்கிறது, நகரத்தின் நடுவில் மாஸ் பார்க்கில்.

சண்டை பற்றிய பயம் எந்தத் தகப்பனுக்கும் இருக்கும். வெளிநாட்டுப் பணிக்கு ரிசர்வ் சிப்பாய்கள் பொதுவாகத் தாங்களே விரும்பிக் கையெழுத்துப் போட்டுத்தான் போகிறார்கள். உள்நாட்டு வேலைகள் நிறைய வரும். 1998 ஜனவரியில் ஒட்டாவா, மான்ட்ரியால் பக்கம் பனிமழை உறைந்து மின்கம்பங்கள் சரிந்து லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தபோது, சுமார் பதினாறாயிரம் படையினர் இறங்கினார்கள், ரிசர்வ்காரர்களும் அதில் உண்டு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி முதியவர்களைப் பார்ப்பது, விழுந்த மரங்களை அறுப்பது என்று வேலை.

ஆனால் ஆபத்தே இல்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆப்கானிஸ்தானுக்கு ரிசர்வ்காரர்களும் போனார்கள், சிலர் திரும்பவில்லை. 2006 மே மாதம் அங்கே கொல்லப்பட்ட கேப்டன் நிகோலா காடர்ட் ஒரு பீரங்கிக் கண்காணிப்பு அதிகாரி. முழுநேரப் படையைச் சேர்ந்தவர். போர்முனையில் எதிரியோடு நடந்த சண்டையில் இறந்த முதல் கனடியப் பெண் அவர். மகளோடு உட்கார்ந்து இதையும் பேசுங்கள். பேசிய பிறகும் அவள் உறுதியாக இருந்தால், ஒரு மாலை அவளோடு நீங்களும் மாஸ் பார்க்குக்குப் போய் அங்கிருக்கும் சார்ஜென்ட்டிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடுங்கள், படிப்புக்குத் தரும் உதவித்தொகை பற்றியும் சேர்த்து.

கேள்வி: ஜூலையில் ஒட்டாவா வருகிறேன். இதில் எதையெல்லாம் பார்க்கலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

ரெஜிமெண்டின் இருப்பிடத்துக்கு மாரிசன் ஆர்ட்டிலரி பார்க் என்று பெயர், நம்ம டிங்கி மாரிசன் பெயர்தான். ராணுவ வளாகம் என்பதால் நினைத்தபோது உள்ளே போக முடியாது. லெப்ரெட்டன் ஃபிளாட்ஸில் இருக்கும் கனடியப் போர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒரு பெரிய கூடம் முழுக்கப் பீரங்கிகளும் வண்டிகளும் நிற்கின்றன, அருகில் போய்ப் பார்க்கலாம். அரை நாளாவது ஒதுக்குங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் குவெல்ஃபில் மெக்ரே பிறந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், டொராண்டோவிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஜூலை 1 கனடா தினம். நீங்கள் வரும் தேதி அதையொட்டி இருந்தால் அன்றைய நிகழ்ச்சி நிரலில் பீரங்கி மரியாதை எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் காதை மூடிக்கொள்ள முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.